எழுத்து வராத சிறுவனும் ஒரு பேராசிரியரும்

அறிவியல் படிக்கும் மாணவன் ஒருவன், அதுவும் பாவூர்சத்திரத்திலிருந்து பேருந்தில் தொங்கியபடி கல்லூரிக்கு வரும் மாணவன், அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. இதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. அதைச் சொல்லிவிட்டுப் பேராசிரியரிடம் வருகிறேன்.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது, மாலை வேளைகளில் ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் குழுவிற்கு வந்தது. அவர்களுள் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் இருந்தான். தகப்பனார் காய்கறிச் சந்தையில் சுமை தூக்குபவர். தக்காளிப் பெட்டி இன்ன விலை, கமிஷன் இவ்வளவு, வண்டி வாடகை இவ்வளவு, கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று கேட்டால், நாங்கள் தாளை எடுப்பதற்குள் அவன் வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவான். ஆனால் பலகையில் நான்கு எழுத்துச் சொல் ஒன்றை எழுதச் சொன்னால் இரண்டு எழுத்து இடம் மாறும். ஒன்று காணாமலே போகும். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, மண்டு என்று திட்டிவிட்டேன். சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை; அழவுமில்லை. பலகையை அழித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

எங்களோடு வந்திருந்த விரிவுரையாளர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இரவு உணவிற்குப் பின், லைட்னர் விட்மர் என்றொருவர் இருந்தார், அவரைப் பற்றிப் படித்துப் பார் என்று மட்டும் சொன்னார். கணிதமும் இயற்பியலுமே படித்து வந்த எனக்கு அந்தப் பெயர் புதிது. ஆனால் உளவியல் பயின்றோர்க்கு அவர் நன்கு தெரிந்தவர். பள்ளி உளவியல் என்னும் துறைக்குத் தந்தை என அவரை மதிக்கிறார்கள். அமெரிக்க உளவியற் சங்கத்தின் பள்ளி உளவியல் பிரிவு, இளம் ஆய்வாளர்களுக்கு அவர் பெயரால் இன்றும் ஒரு பரிசு வழங்கி வருகிறது.

விட்மர் 1867ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தையார் மருந்து வணிகர். குடும்பத்தில் இவரே மூத்த பிள்ளை. நம்மில் பலரைப் போல வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் பிடித்தவரல்லர். வசதியும் கல்வியும் உள்ள வீடுதான். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1888இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். பெஞ்சமின் பிராங்க்ளின் முயற்சியால் தோன்றிய பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. பட்டம் பெற்ற கையோடு, ரக்பி அகாடமி என்னும் பள்ளியில் இரண்டாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். வரலாறும் ஆங்கிலமும் கற்பித்தார்.

அந்த இரண்டாண்டுகளைப் பல நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ அவர் வாழ்வின் வித்து அங்கேதான் விழுந்ததாகத் தோன்றுகிறது. கல்லூரியில் சேர விரும்பிய மாணவன் ஒருவன் அவரிடம் வந்தான். மற்றப் பாடங்களில் தேறுவான். ஆங்கிலம் மட்டும் ஏறவில்லை. விட்மர் அவனைக் கூர்ந்து கவனித்தார். அவனுடைய குறை இலக்கணத்தில் இல்லை. சொற்களின் இறுதியில் வரும் ஒலிகள் அவன் பேச்சில் தேய்ந்து மறைந்தன. பிறர் பேசும்போது அவற்றை அவன் சரியாகப் பிரித்துக் கேட்கவுமில்லை. செவியில் தெளிவாக விழாத ஒலி கையெழுத்தில் எப்படி வரும்? பேச்சையும் கேட்பதையும் முதலில் சீர்செய்ய வேண்டும் என்று தனியே அமர்ந்து பயிற்சி கொடுத்தார். அந்த மாணவன் பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். எனினும் சிறு வயதிலேயே யாராவது இதைக் கண்டிருந்தால் இன்னும் எவ்வளவோ முன்னேறியிருப்பான் என்ற வருத்தம் விட்மருக்கு நீண்ட நாள் இருந்தது.

ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே மேற்படிப்பையும் தொடர்ந்தவர், ஜேம்ஸ் மக்கீன் காட்டெல் என்னும் உளவியல் பேராசிரியரிடம் உதவியாளரானார். காட்டெல் 1891இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது, விட்மர் ஜெர்மனியில் உள்ள லைப்சிக் நகருக்குப் போனார். 1879இல் அங்கே உளவியலுக்கென ஆய்வுக்கூடம் கண்ட வில்ஹெல்ம் வுண்ட் அப்போது பெரும்புகழோடு விளங்கினார். ஒரு தூண்டலுக்கு மனிதன் எத்தனை நொடியில் எதிர்வினை காட்டுகிறான் என்பதை ஆராயவே விட்மர் விரும்பினார். வுண்ட் அதற்கு இசையவில்லை. எனவே நீள அகலங்களின் எந்த விகிதம் கண்ணுக்கு அழகாகப் படுகிறது என்பதை ஆய்ந்து 1892இல் முனைவர் பட்டம் பெற்றார். விருப்பமான தலைப்புக் கிடைக்காத ஆய்வு மாணவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள் போலும்!

அதே ஆண்டு தாயகம் திரும்பி, காட்டெல் விட்டுச்சென்ற ஆய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அமெரிக்க உளவியற் சங்கமும் அந்த ஆண்டுதான் தோன்றியது. அதன் தொடக்கக்கால உறுப்பினர்களுள் இவரும் ஒருவர். இந்த நிலையில் ஓர் இளைஞர் என்ன செய்வார்? கருவிகளை வரிசையாக அடுக்கி, நொடியைப் பத்தாகவும் நூறாகவும் பகுத்து அளந்து, கட்டுரைகள் எழுதிப் பெயர் பெறுவார். விட்மரும் சில ஆண்டுகள் அதைத்தான் செய்தார். அத்துடன், பள்ளி ஆசிரியர்களுக்கு உளவியல் வகுப்புகளும் நடத்தி வந்தார். அந்த வகுப்பில் இருந்த ஒருவர்தான் அவரை வேறு பாதைக்குத் திருப்பியவர்.

1896ஆம் ஆண்டு மார்ச் மாதம். மார்கரெட் மக்வயர் என்னும் பள்ளி ஆசிரியை, தம் மாணவன் ஒருவனைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திற்கு அழைத்து வந்தார். அவனுக்கு வயது பதினான்கு. வாயால் கேட்டால் அறிவோடு விடை சொல்வான்; பாடங்களை விளங்கிக்கொள்வான். எழுதச் சொன்னால் சிறு சொற்களிலும் பிழை, வாசிப்பதும் அப்படியே. ஆண்டுக்கணக்காகப் பள்ளிக்கு வந்தும் இது மாறவில்லை. மனத்தைப் பற்றிய அறிவியல் என்கிறீர்களே, இந்தப் பிள்ளைக்கு அது ஏதாவது செய்யுமா என்று அறியவே அந்த அம்மையார் வந்திருந்தார்.

விட்மர் நூல்களைப் புரட்டினார். எழுத்துப் பிழைக்குக் காரணம் கண்டு அதைத் தீர்க்கும் வழியை உளவியல் அதுவரை ஆராய்ந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. வேறொருவராயிருந்தால் இது எங்கள் துறையில் சேராது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. உளவியலுக்கு ஏதேனும் மதிப்பு உண்டென்றால் இப்படிப்பட்ட குழந்தைக்கு அது உதவியாக வேண்டும் என்று கருதினார். பையனை வரவழைத்துச் சோதித்தார். அவன் கண்களிலேயே குறை இருப்பது தெரிந்தது. அதுவரை யாரும் அவன் கண்ணைப் பார்த்திருக்கவில்லை! மூக்குக் கண்ணாடி போடச் செய்தார். கண்ணாடியோடு முடிந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் தவறாகப் பதிந்த சொல்லுருவங்களை நீக்கிச் சரியானவற்றைப் பதிக்க வேண்டியிருந்தது. அதற்கெனத் தனிப்பயிற்சி நடந்தது. பையன் படிப்படியாக வாசிக்கத் தொடங்கினான். குறை முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் புத்தகம் அவனுக்கு எட்டும் பொருளாயிற்று.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல என்னால் முடியவில்லை. என் அக்காள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். வகுப்பில் உயரமானவள் என்பதால் எப்போதும் கடைசி வரிசையில்தான் இடம். கரும்பலகையில் இருப்பதை எழுதாமல், பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதுவாள். காப்பியடிக்கிறாள் என்று அடி வாங்குவாள். படிப்பு ஏறாத பிள்ளை என்று வீட்டிலும் முடிவு கட்டிவிட்டோம். எட்டாம் வகுப்போடு நின்று, எங்கள் பகுதிப் பெண்களைப் போலப் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது இலவசக் கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. அம்மாவுக்குத் துணையாகப் போனவளையும் உட்காரவைத்துப் பார்த்தார்கள். தூரப்பார்வை வெகுவாகக் குறைந்திருந்தது. கண்ணாடி வந்த மறுநாள், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு வண்டியின் பெயர்ப்பலகையையும் அது நெருங்குமுன்னே வாசித்தாளாம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் கட்டும் கல்லூரிக் கட்டணத்தில் அவள் சுற்றிய பீடிகளின் கூலியும் இருக்கிறது. இத்தனையும் தெரிந்த நான்தான் அந்த முகாமில் ஒரு பிள்ளையின் தலையில் குட்டினேன்.

மீண்டும் பிலடெல்பியாவுக்கு வருவோம். ஒரு பையன் வந்த செய்தி பரவி, மற்றப் பள்ளிகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வரலாயினர். இவ்வாறு 1896இல் தொடங்கியதே உலகின் முதல் உளவியல் சிகிச்சையகம் எனப் போற்றப்படுகிறது. சிகிச்சையகம் என்னும் பெயரை மருத்துவத்திடமிருந்தே விட்மர் கடன் வாங்கினார். அவர் கருதியது கட்டடத்தை அன்று, ஒரு முறையை. மருத்துவர் நோயாளியை ஒவ்வொருவராகப் பார்ப்பதுபோல, பின்தங்கிய குழந்தைகளைக் கூட்டமாகப் பாராமல் ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும் என்பது அம்முறை. அந்த ஆண்டு டிசம்பரில் பாஸ்டனில் நடந்த உளவியற் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துரைத்து, உளவியலறிஞர்கள் பள்ளிகளோடு சேர்ந்து பணியாற்ற வேண்டுமென்று வற்புறுத்தினார். மூத்த அறிஞர்களிடம் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. தூய அறிவியல் தெருவில் இறங்கிவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். விட்மர் மனந்தளரவில்லை. 1897 கோடையில் ஆசிரியர்களுக்காகக் குழந்தை உளவியல் வகுப்பு நடத்தி, குழந்தைகளை நேரில் வைத்தே சோதித்துக் காட்டினார்.

அங்கே வேலை நடந்த முறையை நம் அறிவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். வரும் பிள்ளையை முதலில் மருத்துவர் பார்ப்பார். கண், காது, மூக்கு, தொண்டை, நரம்பு எல்லாம் ஆராயப்படும். வீட்டு நிலைமையை அறிந்து வரச் சமூகப் பணியாளர் ஒருவர் உண்டு. உணவும் உறக்கமும் எப்படி என்பதும் கேட்கப்படும். அதன் பிறகே உளவியல் சோதனைகள். வட்டம், சதுரம், நட்சத்திரம் போன்ற குழிகள் வெட்டிய வடிவப் பலகை ஒன்று அவரிடம் இருந்தது. அந்தந்தக் குழியில் அந்தந்தக் கட்டையைப் பிள்ளை பொருத்த வேண்டும். எத்தனை நிமிடம் ஆனது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை. பிள்ளை யோசித்து வைக்கிறதா, குருட்டாம்போக்கில் தள்ளிப் பார்க்கிறதா, தவறியதும் என்ன செய்கிறது என்று பார்ப்பார். மீண்டும் ஒருமுறை செய்யச் சொல்வார். முதல் தடவையைவிட இரண்டாம் தடவையே அவருக்கு முக்கியம். ஏனெனில் கற்றுக்கொள்ளும் ஆற்றல் அங்கேதான் வெளிப்படும். சில பிள்ளைகளுக்குச் சிறிது காலம் பாடம் கற்பித்துப் பார்த்த பின்னரே முடிவு சொல்வார். கற்பிப்பதையே சோதனையாகக் கொண்டதுதான் அவருடைய தனிச்சிறப்பு. ஆய்வகத்தில் ஒரு முறை அளந்ததோடு நில்லாமல் மறுமுறையும் அளக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தருகிறார்களே, அதை மனிதக் குழந்தையிடம் பரிவோடு செய்தவர் அவர்.

1907ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'தி சைக்கலாஜிக்கல் கிளினிக்' என்னும் இதழைத் தொடங்கினார். முதல் இதழின் முதல் கட்டுரையிலேயே தம் புதிய துறைக்கு மருத்துவ உளவியல் என்று நாம் இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். எழுத்து வராத அந்தச் சிறுவனின் வரலாற்றையும் அந்த ஆண்டே அந்த இதழில் விரிவாக எழுதினார். உண்மைப் பெயரை மறைத்துச் சார்லஸ் கில்மன் என்று புனைபெயர் கொடுத்தார். அக்கட்டுரை வந்தபோது அதன் நாயகன் உயிரோடு இல்லை. பதினோராண்டுகளுக்கு முன் கண்ணாடி அணிந்து வாசிக்கத் தொடங்கிய அவன், அந்த ஆண்டின் தொடக்கத்தில் காசநோயால் இறந்துபோனான். கண்ணுக்கு மருந்து கண்ட காலம், நெஞ்சுக்கு மருந்து காணவில்லை.

விட்மரின் ஆர்வங்கள் பலவகைப்பட்டவை. மேடையில் வித்தை காட்டிய பீட்டர் என்னும் சிம்பன்சிக் குரங்கை 1909இல் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்து, குழந்தைகளுக்கு வைக்கும் சோதனைகளை அதற்கும் வைத்தார். அது கரும்பலகையில் ஆங்கில எழுத்து ஒன்றைப் பார்த்து எழுதிக் காட்டியதாம்! நானோ மனிதப் பிள்ளைக்கே மூன்று நாளுக்கு மேல் பொறுமை காட்டவில்லை.

அவருடைய துணிவுக்கு 1915ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. அதே பல்கலைக்கழகத்தில் ஸ்காட் நியரிங் என்னும் இளம் பொருளியல் ஆசிரியர் இருந்தார். சிறுவர்களை ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலைக்கு வைப்பதை எதிர்த்து ஊரெங்கும் பேசியவர். ஆட்சிக் குழுவினர் காரணம் கூறாமலே அவரைப் பணியிலிருந்து நீக்கினர். தம் துறையைச் சேராத விவகாரம் என்று விட்மர் ஒதுங்கியிருக்கலாம். அவரோ அதே ஆண்டு அந்த வழக்கைப் பற்றி ஒரு நூலே எழுதி, தமக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் செயலை வெளிப்படையாகக் கண்டித்தார். பதினைந்து வயதிற்கு முன்பே தட்டு பிடித்த கைகளை நித்தமும் பார்க்கும் ஊரில் பிறந்தவன் என்பதால், அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுவே என்று சொன்னால் தவறில்லை.

இத்தனை செய்தவரின் பெயர் ஏன் மங்கியது? காலம் எண்களின் பக்கம் சாய்ந்தது. பிரான்சில் ஆல்பிரட் பினே என்பவர் 1905இல் அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். அது அமெரிக்காவுக்கு வந்து, 1916இல் ஸ்டான்போர்டில் திருத்தம் பெற்று, அறிவுத்திறன் ஈவு என்னும் ஒற்றை எண்ணாகப் பள்ளிகளில் பரவியது. ஒரு மணி நேரச் சோதனையில் பிள்ளைக்கு ஓர் எண் கிடைத்துவிடும். நிர்வாகத்திற்கு அது எளிது. விட்மர் இதை ஒப்பவில்லை. அறிவு பல இழைகளால் ஆனது. ஓர் எண்ணால் அதை அடைத்துவிட முடியாது என்பது அவர் கொள்கை. அவர் முறைக்கோ நேரம் வேண்டும், ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். ஊர் எண்ணைத் தேர்ந்தெடுத்தது. அவருடைய குணமும் அவருக்குத் துணையாக இல்லை. பெரிய அறிஞர்களையும் தயங்காமல் தாக்கி எழுதுவார். தம்மைப் பற்றி எழுதிவைப்பதில் நாட்டமில்லாதவர். பின்தங்கிய குழந்தைகளைக் குறிக்க அவர் பயன்படுத்திய சொற்கள் சில, அக்காலத்து வழக்குத்தான் என்றாலும், இன்று நம் செவிக்குக் கடுமையாகவே படுகின்றன. எனினும் குழந்தையின் நிலைக்குப் பரம்பரையை மட்டும் காரணமாக்கிக் கைகழுவியவரல்லர். சூழ்நிலையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதே அவர் பக்கம்.

நம் நாட்டிலும் உளவியல் வெகு பின்னால் தொடங்கவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இலும், மைசூரில் 1924இலும், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் போவாஸ் அவர்களின் தலைமையில் 1943இலும் உளவியல் துறைகள் தோன்றின. ஆயினும் எழுத்து வராத பிள்ளைக்குத் தனிக் குறைபாடு ஒன்று இருக்கலாம் என்பதைச் சட்டத்தின் ஏட்டில் காண 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கற்றல் குறைபாடு அதில் இடம்பெற்றுள்ளது. முகாமில் நான் குட்டிய பையனுக்கு இருப்பது அந்தக் குறைபாடா, கண்ணின் கோளாறா, வேறொன்றா என்பதைச் சொல்லத் தகுதியுடையவன் நானல்லன். முகாம் முடியுமுன் எங்கள் விரிவுரையாளரே அவன் வீட்டிற்குச் சென்று, கண்ணையும் காதையும் முதலில் பார்த்துவிடுமாறு தகப்பனாரிடம் சொல்லி வந்தார். நானும் உடன் போயிருந்தேன். பையன் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டான்.

விட்மர் 1937இல் ஓய்வு பெற்றார். ஒரே பல்கலைக்கழகத்தில் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணி. 1956ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில் பென்சில்வேனியாவிலேயே மறைந்தார். அவர் கண்ட சிகிச்சையகம் அதன்பின் சில ஆண்டுகளே நீடித்து 1961இல் மூடப்பட்டது. அதற்குள் அது போன்றவை எத்தனையோ இடங்களில் தோன்றிவிட்டன.

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு, வீட்டில் அக்காளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். பீடித்தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள். தன்னைப் பற்றி எழுதியிருந்த பகுதிக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாசித்து முடித்ததும் பேராசிரியரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்தப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன டீச்சரின் பெயரை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். மார்கரெட் மக்வயர் என்றேன். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தாளை என்னிடமிருந்து வாங்கி, அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று தானே தேடத் தொடங்கினாள்.